மல்லிகாவுக்கு அளவெடுத்த தொட்டி

ஒரு மலைமேல ஒரு ஊராம், ஏற்காடுன்னு பேரு. அந்த ஊர்ல ஒரு டைலராம், சூசைநாதன்னு பேரு. அவரு வீட்டுல ஒரு ஆர்க்கிட் செடி. அதுக்குப் பேரு மல்லிகா. சிரிக்காத, அவங்க வச்ச பேரு அது. கன்னுக்குட்டி ஒசரம் இருக்கும். ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும். ம் கொட்டு.

“ம்.”

ஒரு நாள் காலையில மல்லிகாவோட தொட்டி டப்புனு வெடிச்சுது. வேரெல்லாம் வளர்ந்து இடமில்லாம முட்டித் தள்ளிருச்சு. “அண்ணே, எனக்கு வேற தொட்டி வேணும்”னுச்சு மல்லிகா.

சூசைநாதன் கழுத்துல கிடந்த டேப்பை எடுத்து வேரைச் சுத்தி அளந்தாரு. அவருக்கு ஒரு பழக்கம். யாரு பிள்ளைக்குச் சட்டை தைக்கக் குடுத்தாலும் ரெண்டு சைஸ் பெருசாத்தான் தைப்பாரு. அந்த ஊருப் பிள்ளைங்க எல்லாம் முட்டிக்காலு வரைக்கும் சட்டை போட்டுக்கிட்டுத் திரியும். மல்லிகாவுக்கும் அப்படியே செஞ்சாரு. கிணத்துல இறக்குற பெரிய சிமெண்ட் உறை ஒண்ணை உருட்டிட்டு வந்து, நெறைய மண்ணைக் கொட்டி, நடுவுல நட்டாரு.

“ரொம்ப பெருசா இருக்கேண்ணே.”

“வளர்ற பிள்ளை. லூசா இருக்கட்டும்.”

அப்புறம் தண்ணி ஊத்தினாரு. பத்து நாளாகியும் ஈரம் காயல. தவளை ஒண்ணு குடிவந்து க்ரோக் க்ரோக்னுச்சு. மல்லிகாவுக்கு வேரெல்லாம் சில்லுனு ஆகி, அச் அச்னு தும்மல். பதினோராம் நாள் பார்த்தா, உறைக்குள்ள தவளை மட்டும்தான் இருக்கு.

மல்லிகா சரக் சரக் சரக்னு நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு. எப்படி நடக்கும்னா கேக்குற? வேராலதான். சேலம் பஸ்ல ஏறப் போகுது. சூசைநாதன் மூச்சு வாங்க ஓடிவந்து படியை மறிச்சாரு.

“சேலத்து வெயில்ல நீ ஒரு நாள் தாங்க மாட்டே மல்லிகா.”

“ஈரத்துல அழுகுறதுக்கு வெயில்ல காயலாம்ணே.”

“இந்தத் தடவை சரியான தொட்டி பார்க்கறேன். வா.”

கண்டக்டர் விசில் ஊதிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் வீட்டுல பரண்மேல பித்தளை அண்டா இருந்துச்சு. சூசைநாதன் சம்சாரம் ரெஜினாவுக்குக் கல்யாணத்துல வந்த சீர். அகலம் கச்சிதமா இருந்துச்சு. பளபளன்னு வேற மின்னுச்சு. ஆனா அடியில ஓட்டை இல்ல.

“ஒரே ஒரு ஓட்டை போட்டுக்கட்டுமா?”ன்னாரு சூசைநாதன்.

“எங்கப்பா குடுத்த அண்டாவுலயா?”ன்னாங்க ரெஜினா. ஓட்டை போடாமலே மல்லிகாவை அதுல நட்டாரு.

ஊத்தின தண்ணி போக வழியில்லாம அடியிலயே களக் களக்குனு நின்னுச்சு. மத்தியான வெயில்ல அண்டா சூடேறி புஸ் புஸ்னு ஆவி வந்துச்சு. மல்லிகா இட்லி மாதிரி வெந்து போச்சு. மறுபடியும் சரக் சரக் சரக்.

“இன்னைக்கும் ஜன்னலோர சீட்டா?”ன்னாரு கண்டக்டர். அவரு கொஞ்சம் மரியாதையான ஆளு.

சூசைநாதன் மறுபடியும் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தாரு. முழிச்சிருக்கியா?

“ம்...”

அப்போ மூணாவது தடவை ஒரு பிளாஸ்டிக் வாளி. அளவு சரி. கம்பியைக் காய்ச்சி சுய் சுய்னு அடியில ஓட்டையும் போட்டாரு. மண்ணு வேண்டாம்னு மரப்பட்டையைப் போட்டாரு. எல்லாம் சரிதான். ஆனா வாளி லேசு, மல்லிகாவுக்குத் தலை கனம். வாசல்ல வச்சாரு. உஸ்ஸுன்னு ஒரு காத்து அடிச்சுது. தொபுக்கடீர்.

விழுந்த செடி நிக்கல. கட கட கடன்னு மலைப்பாதையில உருள ஆரம்பிச்சுது. ஒரு வளைவு, ரெண்டு வளைவு, மூணு வளைவு. சேலம் பஸ்ஸையே முந்திருச்சு. பின்னாடியே சூசைநாதன், “மல்லிகா, நில்லும்மா”ன்னு ஓடறாரு. கீழ போகப் போக சூடு ஏறுது, செடி வாடிப் போயிரும்னு பயம்.

உருண்டு உருண்டு, அடிவாரத்துல செல்லாயின்னு ஒரு அம்மா தொட்டி வனையுற முத்தத்துலதான் போய் நின்னுச்சு. அந்தம்மா எந்திரிச்சு வந்து, இலையைப் பார்க்கல, மொட்டைப் பார்க்கல. வாளியைக் கழட்டி வேரைப் பார்த்தாங்க.

“பாதி அழுகியிருக்கு. கத்திரி இருக்கா?”

சூசைநாதன் சட்டைப் பையில கத்திரி இருந்துச்சு. முப்பது வருஷமா துணியைத் தவிர எதையும் வெட்டாத கத்திரி. சம்சாரத்துக்குக்கூடக் குடுத்ததில்ல. மல்லிகாவைப் பார்த்தாரு. இலையெல்லாம் தொங்கிப் போச்சு. எடுத்துக் குடுத்தாரு. அழுகின வேரு நறுக் நறுக்குனு விழுந்துச்சு.

செல்லாயி ஒரு மண்தொட்டியை எடுத்து வச்சாங்க. தடியா, கனமா, அடியிலயும் ஓட்டை, பக்கத்துலயும் ஓட்டை. மல்லிகாவை உள்ள இறக்கி, வேருக்கும் தொட்டிக்கும் நடுவுல ரெண்டு விரலை விட்டுப் பார்த்தாங்க.

“ரெண்டு விரல் இடம்தானா? அடுத்த வருஷம் பத்தாதே”ன்னாரு சூசைநாதன்.

“அடுத்த வருஷத்துக்கு அடுத்த தொட்டி டைலரே. இப்பவே அந்த அளவுல வச்சா, இந்த வருஷம் அது எங்க இருக்கும்?”

அவரு கழுத்து டேப்பைத் தடவிக்கிட்டே நின்னாரு. அப்புறம் மரப்பட்டையும் கரித்துண்டும் போட்டு நிரப்பி, ரெண்டு பேருமாத் தூக்கி பஸ்ல ஏத்தினாங்க. கண்டக்டர் ஜன்னலோர சீட்டையே குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து மூணு நாள் மல்லிகா வாயே திறக்கல. சூசைநாதனுக்குச் சோறு இறங்கல. நாலாம் நாள் காலையில தொட்டிப் பக்கத்துல குனிஞ்சு, “இறுக்குதாம்மா?”ன்னு கேட்டாரு. அப்போ பக்கத்து ஓட்டை வழியா பச்சை நுனியோட ஒரு புது வேர் மெதுவா வெளிய வந்துச்சு. வந்து, அவரோட கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சுக்கிச்சு.

அவரு அசையல. அங்கேயே உட்கார்ந்துட்டாரு. ரெஜினா டீயை ஆத்தி அவரு வாயில ஊட்டினாங்க. சட்டை வாங்க வந்த ஆளுகிட்ட, “நாளைக்கு வாங்க தம்பி, இன்னைக்கு அவரு கையைப் பிடிச்சிருக்காங்க”ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

கேக்குறியா? ம் வரலையே. சரி, கதை தொட்டிக்குள்ள போயிருச்சு, நீ போர்வைக்குள்ள போ. தூங்கு.