நடுவில் இருந்த நாற்காலி

மருதங்குளம் அரண்மனைக்குப் பிரெஞ்சு பாணியில் தோட்டம் போட வந்தார் ஞானாதிக்கம். பாரீசில் படித்தவர். படிப்பைவிடத் தலைக்கனம் ஒரு முழம் அதிகம். ராஜா உட்காரும் மாடத்தை நடுவாக வைத்துக் கயிறு பிடித்தார். இடப்பக்கம் இருப்பதெல்லாம் வலப்பக்கமும் இருக்க வேண்டுமாம். இடப்பக்கம் கிணறு இருந்தது. வலப்பக்கம் வெறும் பாறை.

"ஜோடியில்லாதது அசிங்கம். கிணற்றைத் தூர்த்துவிடு" என்றார் தோட்டக்காரி அங்கம்மாளிடம். அவள் தெருவே அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

ராஜா பார்வையிட வந்த அன்று, அங்கம்மாள் கும்பிட்டபடி கேட்டாள். "மாடத்துல மகாராஜாவும் ஒத்தையாத்தானே உக்காருறாங்க, துரை? இன்னொரு மகாராஜாவுக்கு எங்க போறது?"

ஞானாதிக்கம் பதறினார். "வாயை மூடு! நடுவில் இருப்பதற்கு ஜோடி வேண்டாம்."

"அப்போ கிணத்தை நடுவா வச்சுக் கயிறு பிடிங்க."

"கழுதை! மகாராஜாவின் நாற்காலிதான் நடு."

"நாற்காலியைத் தூக்கலாம், துரை. கிணத்தைத் தூக்க முடியுமா?"

ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. ராஜா மாடத்தையும் கிணற்றையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். இதுவரை எல்லாவற்றையும் தன்னிடமிருந்தே அளந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

"நிபுணரே, நாற்காலியைக் கிணற்றுக்கு நேராகப் போடும்."

ஆள் தேடித் திரும்பினார் ஞானாதிக்கம்.

"நீரேதான்" என்றார் ராஜா.

கருங்காலி நாற்காலி. நல்ல கனம்.