பாறை உச்சி மருந்து

மரங்கள் பேசி ஓய்ந்து மிருகங்கள் பேசத் தொடங்கியிருந்த காலத்திலே, குடைப்பாறைக் காட்டில் ஒரு கருங்குரங்கு வைத்தியம் பார்த்து வந்தது.

அந்தக் கோடையில் குளம் வற்றிச் சேறானது. சேற்றுத் தண்ணீரைக் குடித்த மிருகங்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கருங்குரங்கு பாறை உச்சியில் முளைத்த ஒரு கொடியை அரைத்து வைத்துக்கொண்டது. "நோயாளி தானே மேலே ஏறி வரணும். வந்து குடிச்சவன் பிழைப்பான்!" என்று அறிவித்தது.

சொன்னபடியே, ஏறி வந்து குடித்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். காடே கருங்குரங்கைக் கும்பிட்டது.

சிலுப்பி என்ற முள்ளம்பன்றி மட்டும் கும்பிடவில்லை. அதன் கணவன் பாதிப் பாறை ஏறும்போதே சுருண்டு விழுந்து செத்துப் போயிருந்தது. இப்போது மகளுக்கும் அதே நோய். மகளை ஏறச் சொல்வதா, வேண்டாமா? சிலுப்பி மகளை நிழலில் கிடத்திவிட்டுத் தான் மட்டும் விடுவிடுவென்று உச்சிக்கு ஏறியது.

"வைத்தியரய்யா! எங்க வீட்டுக்காரர் ஏன் செத்தார்?"

"மருந்து குடிக்கலையேம்மா! குடிச்சவங்க ஒருத்தர்கூடச் சாகலை. நீயே கண்ணால பார்க்கிறியே!"

"நான் பார்க்கிறது வேற. இவ்வளவு உயரம் ஏறி வர்றவன் உடம்புல ஏற்கெனவே தெம்பு இருக்கு. குடிச்சாலும் பிழைப்பான், குடிக்காட்டியும் பிழைப்பான். தெம்பில்லாதவன் வழியிலேயே விழுந்துடறான். மேலே வந்து சேர்ந்தவங்களை நீங்க எண்ணுறீங்க. விழுந்தவங்களை யார் எண்ணுறது?"

பக்கத்தில் நின்ற மிளா மான் சீறியது. "வாயை மூடு! நான் குடிச்சேன், பிழைச்சேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"குடிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

"அது எப்படித் தெரியும்?"

"அதைத்தான் தெரிஞ்சுக்கணும்ங்கிறேன்!" சிலுப்பியின் முட்கள் விறைத்து நின்றன. "மருந்தைக் கீழே கொண்டு வாங்க. இருபது பேர் படுத்துக் கிடக்கிறாங்க. பாதிப் பேருக்குக் கொடி, பாதிப் பேருக்கு வெறும் புல். தேன்ல குழைச்சா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"நோயாளிக்குப் புல்லா? பாவம் இல்லையா?" என்றது மிளா.

"இத்தனை நாளா ஏற முடியாதவங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கலையே! அப்ப எங்க போச்சு உன் பாவம்?"

மிளா தலையைக் குனிந்துகொண்டது.

கருங்குரங்கு சிரித்தது. "சரி வா, என் மருந்துதான் ஜெயிக்கும். யாருக்கு எதுன்னு நான் சொல்றேன்."

"நீங்க சொல்லக்கூடாது, தெம்பானவனாப் பார்த்துக் கொடியைக் கொடுப்பீங்க. நானும் சொல்லக்கூடாது, என் மகளுக்குக் கொடியைத்தான் கொடுப்பேன். குளத்து ஆமை கண்ணை மூடிக்கிட்டுக் கூழாங்கல் எடுக்கட்டும். கறுப்புன்னா கொடி, வெள்ளைன்னா புல். ஆமைக்கு மட்டும்தான் தெரியணும்."

படுத்துக் கிடந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள். பத்துக் கறுப்புக் கல், பத்து வெள்ளைக் கல். புதருக்குப் பின்னால் போய் ஆமை ஒவ்வொருவருக்காகவும் கல் எடுத்தது. மணலைத் தோண்டி எடுத்த ஊற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவு. மகள் தேனை நக்குவதைச் சிலுப்பி பக்கத்திலேயே நின்று பார்த்தது. ஆனாலும் ஆமையிடம் அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறாம் நாள் எல்லோரும் கூடினார்கள். சிலுப்பியின் மகள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா!" என்று குதித்தது கருங்குரங்கு. "என் கொடி உள்ளே போன உடம்பு! எப்படி ஓடுது பாரு!"

"அந்தப் பிள்ளைக்கு வெள்ளைக் கல்" என்றது ஆமை. "புல்தான் குடிச்சுது."

குதித்த குரங்கு அப்படியே நின்றது.

ஆமை மிச்சத்தையும் சொன்னது. கொடி குடித்த பத்தில் ஏழு பிழைத்திருந்தன. புல் குடித்த பத்திலும் ஏழுதான்!

"வெறும் இருபது பேரை வெச்சு எப்படிச் சொல்றது?" என்று முணுமுணுத்தது கருங்குரங்கு.

"நல்ல கேள்வி!" என்று கத்தியது சிலுப்பி. "இன்னும் இருநூறு பேர்கிட்டப் பாரு! ஆனா காட்டையே பாறை ஏறச் சொன்னியே, அதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியை உன்னையே கேட்டிருக்கணும்!"

"நான் யாரையும் ஏமாத்தலை. நிஜமாவே நம்பினேன்மா."

"நீ நம்பினே. அவர் செத்தார். 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் வீட்டுக்காரர் நிழல்ல படுத்துத் தண்ணி குடிச்சிட்டு இருந்திருப்பார்!"

 மிளா போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சிலுப்பி குரங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனது. கடைசியில் கருங்குரங்கும், பாறையில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்று முதல் தடவையாக எண்ணிக்கொண்டே போனது.

பிழைத்தவர்களை மட்டும் காட்டி மெச்சப்படும் மருந்தை, குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் சமமாக வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.