எல்லாரும் உள்ளே வாங்க

ஸ்கேன் எடுக்கும் பொன்னுலிங்கத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? தேரிக்காட்டு ஓரத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு நாலு ஜிபி மெமரியோடு ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். மெமரியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டு எட்டு மாதம், மூன்று மனு, பதிலே இல்லை. சூப்பிரண்டு மேசையிலோ முப்பத்திரண்டு ஜிபி. அதில் அவர் சீட்டு விளையாடுகிறார்.

காலையில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவருக்குத் தலையில் அடி. ஸ்கேன் எடுத்தாயிற்று. நகரத்து மூளை டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியும். மூன்று மணிக்கு அவர் ஆபரேஷனுக்குள் போய்விடுவார். இப்போது ஒன்றரை. படத்தை அனுப்ப பொன்னுலிங்கம் பைத்தானில் எழுதிய புரோகிராம், மூன்றாவது தடவையாக மெமரி போதவில்லை என்று படுத்துவிட்டது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பைத்தான் கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. ஆனாலும் அவள்தான் டீச்சர். போன் போட்டதும் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

"பாருங்க டீச்சர் அநியாயத்தை! இந்த டப்பாவை வச்சு நான் என்னத்தைக் கிழிக்க? அந்த ஆளு பொண்டாட்டி வாசல்ல நிக்கா. அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஜெசிந்தா புரோகிராமை வாசித்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். எக்ஸ்ரேக்காக நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் உள்ளே வாங்க," என்றாள்.

கேட்க வேண்டுமா? கட்டுப்போட்ட கை, நொண்டுகிற கால், துணைக்கு வந்த மச்சான், மாமியார் என்று அறை பிதுங்கிவிட்டது. பொன்னுலிங்கம் கொதித்துப் போனார்.

"ஏ, இது என்ன சந்தையா? வெளிய போங்க! ஒவ்வொருத்தரா வாங்க! ஒருத்தர் போனப்புறம் அடுத்தவர்!"

கூட்டம் முனகிக்கொண்டே வெளியேறியது.

"டீச்சர், உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"இப்ப சொன்னதை உங்க புரோகிராம்கிட்ட சொன்னீங்களாண்ணே?"

அவர் திரையைப் பார்த்தார். மூன்று ஜிபி ஃபைலை ஒரே மூச்சில் படிக்கச் சொல்லியிருந்தார். அப்புறம் ஃபைலின் முன்னால் இருக்கும் தலைப்பை நீக்குவதற்காக மீதியை வெட்டியெடுத்திருந்தார். வெட்டிய மீதி மெமரியில் இன்னொரு நகல்.

"துண்டு துண்டா படிக்கட்டா?"

"ம்."

"துண்டுக்குத் துண்டு புது இடமா?"

"ஒரே இடம் போதும். ஒண்ணு போனதும் அதுலயே அடுத்தது."

"தலைப்பை வெட்டணுமே?"

"எதுக்கு வெட்டணும்? மெமரிவியூ போடுங்க. எங்கேருந்து எதுவரைன்னு மட்டும் அது காட்டும். நகல் எடுக்காது."

ஏழெட்டு வரி மாறியது. புரோகிராம் ஓடியது. மெமரி அளவு ஏறவே இல்லை.

இரண்டு ஐம்பதுக்கு, படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் போனில் வந்தார். உடனே ஏற்றி அனுப்புங்கள், ஒரு தியேட்டரைத் தயாராக வைக்கச் சொல்கிறேன் என்றார். கொத்தனாரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

பொன்னுலிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கூடவே வெட்கமும்.

"நாலு ஜிபியே தாராளம் டீச்சர். தப்பு என்னோடது. மனுவை வாபஸ் வாங்கிட்டு, சூப்பிரண்டுகிட்ட ஒரு மன்னிப்பும் கேட்டுட்டு வந்திடுதேன்."

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"உக்காருங்கண்ணே! உங்க தப்பைத் திருத்தியாச்சு. அவர் தப்பு அப்படியேதான் இருக்கு."