எவருக்கும் தோன்றக்கூடியதே

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு. இப்படி இருந்தால் கதை எங்கே உருப்படும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது இதுதான்.

குருவின் பெயர் ஹாஜிரா. யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது அவருடையதுதான் என்று அரசாங்கத்திடம் காப்புரிமை வாங்கித் தருவது அவர் தொழில். சென்னையில், மூன்றாவது மாடியில் சின்ன அலுவலகம். லிஃப்ட் உண்டு, ஓடாது. ஏறி வருபவர்களுக்குப் பேச மூச்சிருக்காது. ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஹாஜிராவுடையதாகவே இருக்கும்.

சிகாமணி மட்டும் மூச்சிரைக்க வந்து, உட்காராமலே கேட்டார்.

“எவருக்கும் தோணும்னா, ஏன் மேடம் இதுவரைக்கும் எவருக்கும் தோணல?”

“உக்காருங்க சார். எது?”

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த ஆட்சேபம்.

சிகாமணி ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமானத்தின் உட்பாகங்கள் செய்துகொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவர் செய்ததெல்லாம் வேறு யாரோ வரைந்தது. ஓய்வுக்குப் பிறகு சென்னைக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, முதல்முறையாகத் தானே வரைந்து ஒன்றைச் செய்தார். விமானத்தில் பயணிகளின் தலைக்கு மேலே வரும் கூரைப் பலகை அது. விளக்கைத் தனியாக மாட்ட வேண்டாம், பலகைக்குள்ளேயே இருக்கும். ஸ்விட்சைப் போட்டால் பலகை முழுவதுமே விடியற்காலை வானம்போல வெளுக்கும். விண்ணப்பத்தை யார் உதவியும் இல்லாமல் அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

ஆட்சேபம் சுருக்கமாக இருந்தது. இப்படிப்பட்ட பலகை முன்பே உண்டு. இப்படிப்பட்ட விளக்கும் முன்பே உண்டு. இரண்டையும் சேர்த்து வைப்பது இத்துறையில் தேர்ச்சி உள்ள எவருக்கும் தோன்றக்கூடியதே.

அந்தக் கடைசி ஏகாரம்தான் அவரைக் கொன்றது.

“வெள்ளிக்கிழமை விசாரணை. நான் பேசிடறேன் சார், கவலைப்படாதீங்க” என்றார் ஹாஜிரா.

“இல்ல மேடம். நான்தான் பேசணும். எனக்குச் சொல்லிக் குடுங்க.”

“ஏன்?”

“என் படத்தைச் சட்டப்படி ஏற்கெனவே வெளியிட்டாச்சு. வெள்ளிக்கிழமை தோத்துட்டா அதை எவன் வேணா செய்யலாம். என் பேரைச் சொல்லக்கூட வேணாம். இத்தனை வருஷம் ஊரான் படத்தையே செஞ்சேன். இந்த ஒண்ணாவது என்னுதா இருக்கட்டும்னு…”

ஹாஜிரா கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்தார். அதில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மோர் இருந்தது.

இரண்டு டம்ளர்களை எடுத்தார். ஒன்றில் தண்ணீர் ஊற்றினார். மற்றதில், டீக்கு வைத்திருந்த பாலை இளஞ்சூட்டில் ஊற்றினார். இரண்டிலும் ஒவ்வொரு ஸ்பூன் மோர் விட்டு, மூடி ஜன்னலோரம் வைத்தார்.

“நாளைக்கு வாங்க சார்.”

“என் கேள்வி?”

“அதுவும் நாளைக்கு வரட்டும்.”

சிகாமணிக்குக் கோபம்தான். ஆனால் இறங்கிப்போகும்போது படிக்கட்டில் நின்று யோசித்தார். என்னதான் செய்யப் பார்க்கிறது இந்தப் பொண்ணு?

மறுநாள் அவர் நேரே ஜன்னலுக்குப் போய் இரண்டு டம்ளரையும் திறந்து பார்த்தார்.

“இதுல புளிச்ச தண்ணி இருக்கு. இதுல தயிர் உறைஞ்சிருக்கு.”

“ரெண்டுலயும் நான் சேர்த்தது ஒரே மோர்தான்” என்றார் ஹாஜிரா. “உங்க பேனல்ல லைட்டைச் சேர்த்திருக்கீங்க. அது எந்த டம்ளர் சார்?”

“சந்தேகமே வேணாம். தயிர்.”

“சரி. இந்தத் தயிர்லேருந்து நேத்து விட்ட மோரை எடுத்துக் குடுங்க.”

சிகாமணி சிரித்தார். “அது எப்படி முடியும்?”

“உங்க பேனல்லேருந்து லைட்டை எடுக்க முடியுமா?”

“ஓ, தாராளமா. நாலு ஸ்க்ரூதான். கழட்டினா பட்டை பட்டையா வந்துடும்.” சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. முகம் விழுந்துவிட்டது.

“எடுத்துட்டா பேனல் என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதா?”

“அதை ஏன் மேடம் கேக்கறீங்க? அந்த வெளிச்சத்தைப் பத்திக் கேளுங்க. ராத்திரி ஃப்ளைட்ல தூங்கி எழுந்திரிக்கறவனுக்கு…”

அவர் வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். ஹாஜிரா கேட்டுக்கொண்டே தயிரில் கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிட்டு முடித்தார்.

“அதிகாரி இதைக் கேட்டா, ரொம்ப அழகா இருக்குன்னு சொல்லுவார்” என்றார். “சொல்லிட்டு நிராகரிச்சுடுவார். நாளைக்குப் பேனலைக் கொண்டு வாங்க.”

வியாழக்கிழமை சிகாமணி ஆள் உயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். மூச்சு வாங்கியது படிக்கட்டால்தான், பலகையால் அல்ல. கக்கத்தில் பாயை இடுக்கி வந்ததுபோல வந்தார்.

ஹாஜிரா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “எப்படி சார் இவ்வளவு லேசா இருக்கு?”

“சட்டம் வைக்கல மேடம். சாதாரணமா இந்த மாதிரி பேனலுக்குச் சுத்திலும் சட்டம், நடுவுல ரெண்டு குறுக்குச் சட்டம் வரும். எடையே அதுதான். ஃப்ளைட்ல ஒவ்வொரு கிராமுக்கும் அடிச்சுக்குவாங்க.”

“நீங்க மட்டும் எப்படி வைக்காம விட்டீங்க?”

சிகாமணி பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஹாஜிரா இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, பலகையை அவற்றின் மேல் பாலம்போல வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

“லைட்டைக் கழட்டுங்க சார்.”

“வேணாம் மேடம்.”

“கழட்டுங்க.”

விளக்குகள் பதித்த அலுமினியப் பட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிப் பட்டையை உருவியதும் பலகை நடுவில் தொய்ந்து, கொடியில் போட்ட ஈர வேட்டிபோலத் தொங்கியது.

சிகாமணி அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“என் பழைய சிநேகிதன், தரச்சோதனையில இருந்தவன், ஒருநாள் ஷெட்டுக்கு வந்தான். இப்படித்தான் கழட்டித் தூக்கினான். தொய்ஞ்சுது. ‘என்னய்யா சிகாமணி, உன் பேனலுக்கு முட்டுக் கொடுக்கணும் போலிருக்கே’ன்னு சிரிச்சான் பாருங்க. இன்னிக்கும் காதுல கேக்குது. பேனல்னா தானா நிக்கணும் மேடம். சேர்ந்த அன்னிக்கு எங்களுக்குச் சொல்லித் தர்ற முதல் பாடமே அதுதான்.”

ஹாஜிரா ஒரு பட்டையை எடுத்து அதன் வயரை ப்ளக்கில் சொருகினார். விளக்கு எரிந்தது.

“ஐயோ, தனியா எரிய விடாதீங்க! சூடாயிடும்.” சிகாமணி ஓடிவந்து பிடுங்கினார்.

“பேனலுக்குள்ள இருந்தா?”

“அப்ப பேனலோட தோல் முழுக்க சூடு பரவி ஆறிடும்.”

ஹாஜிராவின் முகத்தில் அதுவரை இல்லாத ஓர் ஆர்வம் வந்துவிட்டது. தொய்ந்த பலகையையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“லைட் இல்லாம பேனல் நிக்காது. பேனல் இல்லாம லைட் ரொம்ப நேரம் எரியாது.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “விண்ணப்பத்துல இது எங்க இருக்கு?”

“இல்ல மேடம். வெளிச்சத்தைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதினேன். குறையைப் போய் எவனாவது எழுதுவானா?”

விண்ணப்பித்த நாளில் காகிதத்தில் இல்லாத எதையும் பிறகு சேர்க்க முடியாது. சட்டம் அப்படி. அது சிகாமணிக்கும் தெரியும். அவர் நாற்காலியைத் தேடினார். இரண்டிலும் பலகை இருந்ததால் நின்றுகொண்டே இருந்தார். பாவமாக இருந்தது.

“ஒரு வரி கூடவா இல்ல?” என்றார் ஹாஜிரா.

“படத்துல பட்டை எப்படி உள்ள இறங்குதுன்னு தெரியும். அப்புறம்… பராமரிப்புன்னு கடைசியில ஒரு பகுதி. அதுல எச்சரிக்கைன்னு போட்டிருக்கேன்.”

“படிங்க.”

சிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதியதைப் படிக்கச் சொன்னதுபோலப் படித்தார். “‘எச்சரிக்கை. பலகையின் விறைப்பு விளக்குப் பட்டைகளால் கிடைப்பதால், அவற்றைக் கழற்றிய நிலையில் பலகையைத் தூக்கக் கூடாது. பட்டைகளின் சூடு பலகையின் வழியே வெளியேறுவதால், அவற்றைப் பலகைக்கு வெளியே எரிய விடக் கூடாது.’”

ஹாஜிரா சிரித்தார். அடக்க முடியாமல், மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்ன மேடம்?”

“வெளிச்சங்கற அலங்காரத்தைக் கண்டுபிடிப்புன்னு எழுதியிருக்கீங்க. கண்டுபிடிப்பை எச்சரிக்கையில போட்டிருக்கீங்க.”

அவர் சிகாமணியின் விண்ணப்பத்தில், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் முதல் உரிமைக் கோரிக்கையை எடுத்தார். ‘விளக்கு உள்ளமைந்த விமானக் கூரைப் பலகை’ என்று அகலமாக, ஆகாயத்தையே வளைத்துப்போட்டதுபோல இருந்தது. அதை அடித்தார். கீழே பென்சிலால் எழுதினார். ‘தன்னளவில் நிற்கும் விறைப்பு இல்லாத, விளக்குப் பட்டைகளையே சட்டமாகக் கொண்டு நிற்கும் பலகை.’

சிகாமணி அதைப் படித்தார். காது சிவந்தது.

“என் பேனல் தானா நிக்காதுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?”

“ஆமா சார்.”

“அந்த விடியற்கால வெளிச்சம்?”

“அது எல்லாருக்கும் போகட்டும்.”

சிகாமணி பையை எடுத்துக்கொண்டு, பலகையை அப்படியே தொங்க விட்டுவிட்டு இறங்கிப் போனார். காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் குறைந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை விசாரணை தொடங்க இருந்த நேரத்தில் சிகாமணி வந்தார். சலவைச் சட்டை. சட்டைப் பையில் பேனா. மேசையில் இருந்த அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஹாஜிராவின் பக்கத்தில், பக்கத்து அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். “வெளிச்சம் போகட்டும் மேடம். இந்த ஒண்ணாவது என்னுதா இருக்கட்டும்” என்றார்.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. அதிகாரி பொறுமையான மனிதர். புதிய கோரிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“விண்ணப்பத்துல இதுக்கு ஆதாரம் இருக்கு, எச்சரிக்கைப் பகுதியில. படமும் ஒத்துப்போகுது. சேர்த்துக்கலாம். ஆனா என் பழைய கேள்வி அப்படியேதான் இருக்கு. சட்டத்துக்குப் பதிலா லைட் பட்டை. நல்ல யோசனை. கேட்டதுக்கப்புறம் சுலபமாத்தான் தெரியுது. தேர்ச்சி உள்ள ஒருத்தருக்கு இது தோணாதுன்னு எதை வச்சு நான் நம்பறது?”

சிகாமணி வாயைத் திறந்தார். இரவெல்லாம் மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துவிட்டது. திரும்பிக் குருவைப் பார்த்தார்.

ஹாஜிரா கேமராவைத் தன் பக்கமிருந்து அவர் பக்கம் திருப்பினார்.

“ஆதாரம் இதோ உக்காந்திருக்கார் சார். வாழ்க்கை முழுக்க விமானப் பேனல் செஞ்சவர். இவரைவிடத் தேர்ச்சி உள்ளவரை நீங்க தேட முடியாது. இது இவர் கையாலயே செஞ்சது. செஞ்சு முடிச்சதுக்கப்புறமும் இது ஒரு நல்ல யோசனைன்னு இவருக்கே தோணல. பேனல்னா தானா நிக்கணும்கறதுதான் இவங்க துறையோட முதல் பாடம், அதனால வெக்கப்பட்டு, குறைன்னு ஒளிச்சு வச்சிருந்தார்.”

திரையில் அதிகாரி கன்னத்தில் கை வைத்துச் சிகாமணியைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

“அப்படின்னா, என் ஆட்சேபம்தான் தானா நிக்காது போலிருக்கு” என்றார். “மாத்தின கோரிக்கையை எழுத்துல அனுப்பிடுங்க.”

திரை அணைந்தது.

சிகாமணி எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நேற்றிலிருந்து தொய்ந்து கிடந்த பலகையிடம் போனார். முழங்காலிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே செலுத்தி ஸ்க்ரூவை முடுக்கினார். பலகை மெல்ல நிமிர்ந்தது.

“மேடம், ஏன் இதுவரைக்கும் எவருக்கும் தோணலன்னு மொத நாள் ஒரு கேள்வி கேட்டேனே…”

“சொல்லுங்க சார்.”

அவர் நிமிர்ந்து நின்ற பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.