வக்கீல் கேட்ட சாட்சி

வக்கீல் தெய்வநாயகம் எங்கள் படிப்பு வட்டத்துக்குள் நுழைந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பஹாய் சமயத்தில் பூசாரி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கூடிப் படிப்போம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் திலகவதி அக்காதான் நடத்துவார். இந்த மனிதர் வருவது படிக்க அல்ல, எங்களை மடக்க.

அவருக்குத் தாயில்லாத ஒரே மகள், கோமதி. எங்களோடு சேர்ந்து பஹாய் ஆனாள். இங்கே படித்த ஞானதுரையைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். எங்களில் பெண்ணும் பிள்ளையும் துணையைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் மனசார சம்மதிக்க வேண்டும்.

"உங்கள் சமயத்தைத் தொடங்கிய பஹாவுல்லா கடவுளின் தூதர் என்று நிரூபி. சம்மதிக்கிறேன்" என்றார் வக்கீல் மகளிடம்.

ஒன்பது வருஷம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வழக்கு நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவரே ஜெயித்தார். போன மாதம் ஞானதுரை வேறொரு பெண்ணை மணந்தான். அவனும்தான் எவ்வளவு காலம் காத்திருப்பான், பாவம்.

அதற்கு அடுத்த ஞாயிறு வக்கீல் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மடக்க வரலைம்மா. கத்துக்க வந்திருக்கேன்."

"சொல்லுங்க ஐயா" என்றார் அக்கா.

"கோமதி அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறிட்டு வந்தா. வந்ததும், 'அப்பா, மாத்திரை போட்டீங்களா'ன்னு கேட்டா. என்னை ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் தாங்க முடியலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தர் 'கடவுள் என்னை அனுப்பினார்'னு சொல்றார். மெய்யா பொய்யான்னு எதை வச்சுத் தீர்மானிக்கிறது? பொய்யனும் அதையேதானே சொல்வான்?"

"ஆமா, சொல்வான்."

"அற்புதம் செஞ்சா?"

"பார்த்தவருக்குச் சாட்சி. நமக்கு வெறும் கேள்விப்பட்ட சேதி."

"முன்னாடியே சொன்னது பலிச்சா?"

"அதுக்கு அவங்கவங்க ஒரு அர்த்தம் சொல்லிக்கலாமே."

"அப்புறம் எதைத்தான் பார்க்கறது?"

அக்கா புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்.

"பதிவாளர் அலுவலகம் உங்க வீட்டிலேர்ந்து எவ்வளவு தூரம் ஐயா?"

"ரெண்டு தெரு."

"கோமதிக்கு வயசு?"

"முப்பத்திநாலு."

"அவ கல்யாணத்துக்குச் சட்டப்படி உங்க சம்மதம் வேணுமா?"

"வேண்டாம்."

"சம்பாதிக்கிறாளா?"

"என்னைவிட அதிகமா."

"நீங்க ஜெயிச்ச மறுநாள் காலையில அவ ஏன் அந்த ரெண்டு தெரு நடக்கலை?"

"எனக்குப் பயந்துட்டான்னு நெனச்சேன்."

"அவளா? உங்களுக்கா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கோமதி யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு தடவை நானே அவளைப் பதிவாளர்கிட்ட அழைச்சிட்டுப் போறேன்னு சொன்னேன்" என்றார் அக்கா. "பாடம் நடத்துற நானே அப்படிச் சொல்லிட்டேன், வெட்கமா இருக்கு. 'வேண்டாம்க்கா, அப்பா மனசார சொல்லட்டும், நான் நம்பினவர் கேட்டது அதைத்தான்'னு சொன்னா. அதுக்கு அப்புறமும் ஆறு வருஷம் காத்திருந்தா. எதைப் பார்க்கறதுன்னு கேட்டீங்களே, அவளைப் பாருங்க ஐயா."

எத்தனையோ நாள் அந்த மனிதர் தோற்றுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

"இதை அவ என்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். "அத்தனை வாதம் பண்ணினாளே. இதை ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா, அதையும் வாதாடி ஜெயிச்சிருப்பீங்க ஐயா."