படிக்கட்டின் கீழே ஒரு நோட்டு

பல்கலைக்கழகக் கலைக்கூடம் முதல் மாடியில் இருந்தது. ஏற இருபத்துமூன்று படிகள். லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் பழைய விடைத்தாள் கட்டுகள் வசதியாக இருந்தன.

கூடத்தின் பொறுப்பாளர் தனபாலன், தன் ஆசிரியை மங்கையர்க்கரசியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். ஆசிரியை ஒரு சிற்பி. ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவருடைய சிற்பங்களையும் மாணவர்கள் செய்தவற்றையும் வெள்ளிக்கிழமை முதல் எட்டு நாள் காட்சிக்கு வைக்கிறார்கள்.

"திறப்பு விழாவுக்கு நீங்க வரணும், டீச்சர்."

"செண்பகம் இருக்காளா?"

செண்பகம் அவர் மகள். ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவள். அந்த முகத்தைச் சுட்ட மண்ணில் செய்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று கூடத்துக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த சில மாதத்திலேயே முதுகெலும்பில் கட்டி வந்து, கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. அதன் பிறகு அவர் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"நடு ஹால்ல வெச்சிருக்கேன், டீச்சர்."

"நான் எப்படி ஏறுவேன்?"

"நாலு பசங்க இருக்காங்க. நாற்காலியோட தூக்கிடுவாங்க. ரெண்டே நிமிஷம்."

"அப்படித் தூக்குறது சாமியை. இல்லன்னா பிணத்தை. நான் எதுடா?"

தனபாலன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"லிஃப்ட் கேட்டு மூணு தடவை எழுதினேன், டீச்சர். யாருக்காகன்னு கேட்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தைச் சொல்றது? வருகைப் பதிவு நோட்டை எல்லாம் புரட்டினேன். பன்னிரண்டு வருஷம். சக்கர நாற்காலியில வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல."

"அந்த நோட்டு எங்க இருக்கு?"

"மேல. ஹால் வாசல்லயே."

டீச்சர் அவரையே பார்த்தார். தனபாலன் தலை குனிந்துகொண்டார்.

"இன்னொரு நோட்டு வாங்கு. கீழ, முதல் படிகிட்ட வை. ஏற முடியாம திரும்புறவங்க எழுதட்டும். நான் கடைசி நாள் வரேன்."

"அப்போ திறப்பு விழா?"

"நீயே திற. கை தட்டுவாங்க."

தட்டினார்கள். எட்டு நாளும் மேலே நல்ல கூட்டம். கீழே வைத்த நோட்டைத் திறந்து பார்க்கத் தனபாலனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கடைசி நாள் மாலை டீச்சர் வந்தார். நாற்காலி முதல் படியருகே நின்றது. நோட்டை மடியில் வைத்து, தனபாலனுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"'எதிர்க் கட்டடத்தில் பதினாலு வருடமாகக் கிளார்க். போலியோ காலில் கேலிப்பர். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.'"

தனபாலன் குனிந்து பெயரைப் பார்த்தார். "அய்யோ, கந்தவேலு சார். என் லீவு லெட்டரையெல்லாம் அவர்தான் வாங்குவார்."

"'எனக்கு மூட்டு வலி. என் மகன் செய்த சிலை மேலே இருக்கிறதாம். நன்றாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.'"

அடுத்தது கோணல் கையெழுத்து.

"'அப்பா தூக்கிட்டுப் போறேன்னு சொன்னார். நான் ஏழாவது படிக்கிறேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்.'"

மற்றவற்றை டீச்சர் மனதுக்குள் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, கீழே தன் பெயரை எழுதினார்.

தனபாலன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சர், இன்னும் கொஞ்ச நேரத்துல எல்லாத்தையும் மேல ஸ்டோர்ல வெச்சுப் பூட்டிடுவாங்க. திரும்ப எப்போ எடுப்பாங்கன்னு தெரியாது. செண்பகத்தை நான் கையில ஏந்திக் கொண்டாந்துடறேன். உங்களுக்குன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

டீச்சர் அந்தப் படிகளை அண்ணாந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

தனபாலன் அதற்குள் நாலு படி ஏறியிருந்தார்.

"தனபாலா, நில்லு."

நின்றார்.

"எனக்கு முன்னால பதினோரு பேர் எழுதியிருக்காங்க."