நான்கு விரல் ஓலை

அரண்மனை வாசலுக்குக் காவலாள் வேண்டும், திறமையை ஓலையில் எழுதி வாருங்கள் என்று பறையறைந்திருந்தார்கள். முப்பத்தொன்பது பேர் புலி கொன்றதையும் பட்டம் பெற்றதையும் முழநீள ஓலைகளில் எழுதி வந்தார்கள். நாற்பதாவதாக, வெறுங்கையோடு நின்றான் வெள்ளைக்கண்ணு.

அன்று வாசலில் காவலுக்கு நின்றவன் படைத்தலைவரான தளவாயின் மருமகன். வேலை அவனுக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

தளவாய் நான்கு விரல் அகல ஓலைத்துண்டு ஒன்றை வெள்ளைக்கண்ணுவிடம் எறிந்தார். "என் மருமகன் திறமைக்கு மூன்று ஓலை போதவில்லை. உன்னுடையதை இதில் அடக்கு. அடங்காவிட்டால் ஊர்ப் பக்கம் நடையைக் கட்டு."

வெள்ளைக்கண்ணு இரண்டே வரி எழுதிக் கொடுத்தான். அருகில் அமர்ந்திருந்த ராஜா அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"காலையிலிருந்து வரிசையில் நிற்கிறேன். புல்லுக்கட்டோடு வாசல் வழியே லாயத்துக்குப் போனவர்கள் ஏழு பேர், திரும்பியவர்கள் ஆறு பேர்."

ராஜா மருமகனைக் கூப்பிட்டார். "எத்தனை பேர் போனார்கள்?"

"கூட்டமாகப் போனார்கள், மகாராஜா."

ஆட்கள் லாயத்துக்கு ஓடினார்கள். ஏழாவது ஆள் வைக்கோலுக்குள் படுத்திருந்தான். மடியில் பட்டத்துக் குதிரையின் தங்கச் சலங்கை.

"வேலை இவனுக்கே" என்றார் ராஜா.

தளவாய்க்கு மனம் ஆறவில்லை. ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை கேட்டு எழுதியவன் பேரையே எழுதவில்லையே, அப்பா?"

"இடம் போதவில்லை, ஐயா. அதைச் சம்பளப் பட்டியலில் நீங்களே எழுதிக்கொள்வீர்கள் என்று விட்டுவிட்டேன்."